ஐந்து ஸ்விட்ச், ஒரே கன்ஃபிக்: ஸ்டேக்கை நிர்வகிப்பது எப்படி

ஒரு மாடியில் 240 நெட்வொர்க் இணைப்பு வேண்டுமென்றால் 48 போர்ட் ஸ்விட்ச் ஐந்தை ரேக்கில் ஏற்ற வேண்டும். அவற்றைத் தனித்தனியாக வைத்தால் ஐந்து ஐபி முகவரி, ஐந்து கன்ஃபிக் (அமைப்பு) கோப்பு, ஐந்து பேக்கப், மானிட்டரிங் திரையில் ஐந்து வரி. புதிதாக ஒரு விலேன் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்துவைக்கும் தனி நெட்வொர்க்) சேர்க்க ஐந்து முறை லாகின் செய்ய வேண்டும். நான்கில் சேர்த்து ஒன்றில் விட்டுப்போனால் அந்த ஒரு ஸ்விட்ச்சில் இருக்கும் போன்கள் மட்டும் ஐபி வாங்காது. காரணத்தைத் தேடி அரை நாள் ஓடிவிடும். அதே ஐந்தையும் ஸ்டேக் கேபிளால் வளையமாகக் கோத்து ஒரே ஸ்டேக்காக, அதாவது அடுக்காக, ஆக்கிவிட்டால், மற்ற கருவிகளின் பார்வையில் அது 240 போர்ட் கொண்ட ஒரே ஸ்விட்ச்.

கேபிளைச் செருகி, விளக்கு பச்சையானதும் கதவைச் சாத்திவிட்டுப் போகும் இடங்கள் நிறைய உண்டு. எண்ணும் முன்னுரிமையும் யாரும் கொடுக்காத ஸ்டேக், ஒரு கேபிள் அறுந்து பாதி வளையத்தில் மாதக்கணக்கில் ஓடும் ஸ்டேக், இவையெல்லாம் தனித்தனி ஸ்விட்ச்சைவிட ஆபத்தானவை. ஏனென்றால் விழும்போது ஐந்தும் சேர்ந்து விழும். ஸ்டேக் தரும் பலன்களையும், அவை கைக்கு வர என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300 குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன். பெயர்களும் கட்டளைகளும் மாறினாலும் மற்ற நிறுவனங்களின் ஸ்டேக்கிலும் தர்க்கம் ஏறக்குறைய இதுதான்.

ஹப் காலத்தில் தொடங்கியது

அடுக்கும் யோசனை ஸ்விட்ச்சுக்கு முன்பே, ஹப் காலத்திலேயே வந்தது. அப்போது அதற்கு இருந்த காரணம் வேறு. ஹப் என்பது ரிப்பீட்டர், அதாவது ஒரு போர்ட்டில் வரும் சிக்னலை மற்ற எல்லாப் போர்ட்டுக்கும் அப்படியே அனுப்பும் பெட்டி. 10 மெகாபிட் ஈதர்நெட்டில் எந்த இரண்டு கணினிக்கும் நடுவே அதிகபட்சம் ஐந்து கேபிள் பகுதிகள், நான்கு ரிப்பீட்டர்கள், அந்த ஐந்தில் மூன்றில் மட்டும் கணினிகள் என்பது விதி. ஹப்புகளைச் சாதாரண போர்ட் வழியாக ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் நான்கோடு கதை முடிந்தது. தனி ஸ்டேக் கேபிளால் இணைத்தால் உள்ளே இருக்கும் பஸ் நீண்டு, முழு அடுக்கும் ஒரே ரிப்பீட்டராகக் கணக்கில் வரும்.

100 மெகாபிட் வந்தபோது இந்த நெருக்கடி இன்னும் கூடியது. முதல் வகை ரிப்பீட்டர் என்றால் பாதையில் ஒன்றுதான் இருக்கலாம். இரண்டாம் வகை என்றால் இரண்டு இருக்கலாம். இரண்டுக்கும் இடையே 5 மீட்டர் போன்ற சிறிய கேபிள்தான், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மொத்தம் 205 மீட்டர். ஆகவே ஒரு ஹப்பில் இருக்கும் போர்ட்கள் போதாமல் போனால் அடுக்குவதைத் தவிர வழியில்லை.

நிர்வாக வசதியும் அங்கேதான் பிறந்தது. அடுக்கில் ஒரு ஹப்பில் மட்டும் நிர்வாக மாட்யூல் செருகினால் போதும், எஸ்என்எம்பி என்ற கண்காணிப்பு நெறிமுறை வழியாக எல்லா ஹப்பின் எல்லாப் போர்ட்டையும் பார்க்கலாம். 1993-இல் வந்த ஆர்எஃப்சி 1516 என்ற இணையத் தர ஆவணம் ரிப்பீட்டருக்கான எண்ணிகளை வரையறுத்தது: போர்ட் வாரியாக எத்தனை ஃபிரேம் (தரவுத் துண்டு), எத்தனை மோதல் (இருவர் ஒரே நேரத்தில் அனுப்புவது), கடைசியாகப் பேசிய மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரி) எது, போர்ட் தானாகத் துண்டிக்கப்பட்டிருக்கிறதா. ஒரு போர்ட்டில் தொடர்ந்து 30-க்கும் மேற்பட்ட மோதல் வந்தால் ரிப்பீட்டர் அதை ஒதுக்கிவைக்கும். நிர்வாக மாட்யூல் இல்லாத அடுக்கில் எந்தப் போர்ட் ஒதுக்கப்பட்டது என்பதை ஹப்பின் முன்னால் போய் நின்று விளக்கைப் பார்த்தால்தான் தெரியும். எல்லாரும் ஒரே 10 மெகாபிட்டைப் பகிர்ந்த காலத்தில், கெட்டுப்போன ஒரு நெட்வொர்க் கார்டு மாடி முழுவதையும் மந்தமாக்கும். அதை இருந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்து அணைக்க முடிந்ததுதான் அடுக்கு நிர்வாகத்தின் முதல் பெரிய பலன்.

இன்று ஹப்பை யாரும் புதிதாக வாங்குவதில்லை. அடுக்கும் முறை மட்டும் ஸ்விட்ச்சுக்கு வந்து, முன்பு நினைக்காத அளவுக்கு வளர்ந்துவிட்டது.

ஸ்டேக் கேபிள் செய்யும் வேலை

இரண்டு ஸ்விட்ச்சை பேட்ச் கார்டால் இணைப்பதற்கும் ஸ்டேக் கேபிளால் இணைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஐந்து ஸ்விட்ச்சை 1 கிகாபிட் போர்ட் வழியாகச் சங்கிலியாகக் கோத்தால் ஐந்தாவது ஸ்விட்ச்சின் 48 பேரும் அந்த ஒரு கிகாபிட்டுக்குள் அடங்க வேண்டும். மேலே இருப்பவை வழியாகப் போகப் போக நெரிசல் கூடும். நடுவில் ஒன்று அணைந்தால் அதற்குக் கீழே உள்ள எல்லாமே போய்விடும்.

ஸ்டேக் கேபிளோ ஸ்விட்ச்சின் உட்புற பஸ்ஸையே வெளியே நீட்டுகிறது. 2003-இல் கேட்டலிஸ்ட் 3750-ஓடு வந்த ஸ்டேக்வைஸ் என்ற சிஸ்கோவின் ஸ்டேக் தொழில்நுட்பம் 32 கிகாபிட் கொடுத்தது. எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு 16 கிகாபிட் பாதைகளின் கூட்டல் அது. 3750-இ, 3750-எக்ஸ் மாடல்களில் அது 64 ஆனது. 3850-இலும் 9300-இலும் 480 கிகாபிட். 9200-இல் 160, 9200எல்-இல் 80, 9300எல்-இல் 320. இன்னும் 3750 ஓடும் இடங்களுக்கு ஒரு தகவல்: அந்த முதல் தலைமுறையில் ஒரே ஸ்விட்ச்சின் இரண்டு போர்ட்டுக்கு நடுவே போகும் டிராஃபிக்கும் வளையத்தைச் சுற்றி வந்தாக வேண்டும். பெரிய பேக்கப் ஓடும் சர்வர்களை அப்படிப்பட்ட ஸ்டேக்கில் தொங்கவிடாதீர்கள்.

எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் அடுக்க முடியாது. 9300-உம் 9300எல்-உம் ஒரே ஸ்டேக்கில் சேராது. 9200-உம் 9200எல்-உம் சேராது. 9200எல் வாங்கும்போது ஸ்டேக் கிட்டைத் தனியாக ஆர்டர் செய்ய வேண்டும். அதில் இரண்டு அடாப்டரும் ஒரு கேபிளும் வரும். இதை மறந்துவிட்டு ஸ்விட்ச் மட்டும் வந்து இறங்கும் தளங்கள் ஏராளம். 9300-இல் அதிகபட்சம் எட்டு ஸ்விட்ச் அடுக்கலாம்.

எட்டை அடுக்கினால் எல்லாம் எட்டு மடங்காகிவிடும் என்ற எண்ணமும் தவறு. போர்ட் எண்ணிக்கை மட்டுமே கூடும். எந்த மேக் எந்தப் போர்ட்டில் என்று சொல்லும் மேக் அட்டவணை ஒவ்வொரு ஸ்விட்ச்சிலும் நகலாக இருக்கிறது. 9300-இல் ஒன்றுக்கு 32,000 பதிவு என்றால் எட்டுக்கும் சேர்த்தும் அதே 32,000தான். ஏசிஎல் (எந்த டிராஃபிக்கை விடலாம் என்ற விதிகள்) இடத்துக்கும் கணக்கு இப்படியே.

கேபிளைக் கோக்கும் முறை

கேபிள் 50 சென்டிமீட்டர், 1 மீட்டர், 3 மீட்டர் என்று மூன்று நீளத்தில் வருகிறது. ஒவ்வொரு ஸ்விட்ச்சின் பின்புறமும் இரண்டு ஸ்டேக் போர்ட். முதல் ஸ்விட்ச்சின் ஒன்றாம் போர்ட்டிலிருந்து இரண்டாவதின் இரண்டாம் போர்ட்டுக்கு, அதன் ஒன்றாம் போர்ட்டிலிருந்து மூன்றாவதின் இரண்டாம் போர்ட்டுக்கு என்று இறங்கி, கடைசி ஸ்விட்ச்சிலிருந்து முதலுக்குத் திரும்ப வேண்டும். ஐந்து ஸ்விட்ச்சுக்கு ஐந்து கேபிள் என்பதுதான் கணக்கு. நான்கு கேபிளிலும் ஸ்டேக் எழுந்து நிற்கும், வேலையும் செய்யும். ஆனால் அலைவரிசை பாதி. அடுத்து எந்த ஒரு கேபிள் கழன்றாலும் ஸ்டேக் இரண்டாக உடையும்.

திரும்பி வரும் நீளக் கேபிள் கையில் இல்லையென்றால் ஒன்று விட்டு ஒன்றாகக் கோக்கலாம்: 1-இலிருந்து 3, 3-இலிருந்து 5, 5-இலிருந்து 4, 4-இலிருந்து 2, 2-இலிருந்து 1. எந்தக் கேபிளும் இரண்டு ஸ்விட்ச் உயரத்துக்கு மேல் நீளாது. குட்டைக் கேபிளிலேயே வளையம் மூடிவிடும்.

கனெக்டரின் இரண்டு பக்கத் திருகையும் கையால் இறுக்குங்கள். பாதி உட்கார்ந்த கனெக்டர் அந்த நொடியில் வேலை செய்வது போலத் தெரியும். பின்னால் கைபட்டதும் ஸ்டேக் போர்ட் விழுந்து எழும். லாகில் ஒரு ஸ்டேக் போர்ட் டவுன், அப் என்று மாறி மாறி வந்தால் கேபிளை மாற்றுவதற்கு முன் திருகைப் பாருங்கள்.

எண், முன்னுரிமை

ஒரு ஸ்டேக்கில் ஒன்று ஆக்டிவ், ஒன்று ஸ்டாண்ட்பை, மற்றவை மெம்பர். கட்டுப்பாடு முழுவதும் ஆக்டிவ் கையில். ஆக்டிவ் விழுந்தால் ஸ்டாண்ட்பை உடனே எடுத்துக்கொள்ளும், பிறகு மற்றவற்றில் ஒன்று புதிய ஸ்டாண்ட்பை ஆகும்.

யார் ஆக்டிவ் என்பதைத் தேர்தல் முடிவு செய்கிறது. முன்னுரிமை 1 முதல் 15 வரை. அதிகம் உள்ளது வெல்லும். எதுவும் செய்யாமல் விட்டால் எல்லாவற்றுக்கும் 1. சமமாக இருக்கும்போது குறைந்த மேக் முகவரி வெல்லும். அதாவது பெரும்பாலும் ஸ்டேக்கிலேயே பழைய ஸ்விட்ச் தலைமை ஏற்கும். இதைத் தற்செயலுக்கு விடக் கூடாது. இயக்க நிலையில் 'ஸ்விட்ச் 1 ப்ரையாரிட்டி 15', 'ஸ்விட்ச் 2 ப்ரையாரிட்டி 14' என்று கொடுங்கள். மற்றவை 1-இலேயே இருக்கட்டும்.

இந்த எண்ணும் முன்னுரிமையும் கன்ஃபிக் கோப்பில் இருப்பதில்லை. அந்தந்த ஸ்விட்ச் தனக்குள் வைத்துக்கொள்கிறது. கன்ஃபிக் பேக்கப் இருக்கிறதே என்று நம்பி இருந்தால், மாற்று ஸ்விட்ச் வைக்கும் நாளில் முன்னுரிமை 1 ஆக வந்து நிற்கும். இவற்றை ஒரு தாளில் எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைப்பது நல்லது.

முன்னுரிமை மாற்றியதும் ஆக்டிவ் மாறிவிடாது. ஓடிக்கொண்டிருக்கும் ஆக்டிவை எந்த முன்னுரிமையும் கீழே இறக்காது. அடுத்த தேர்தலில்தான் பேசும். எல்லா ஸ்விட்ச்சும் சேர்ந்து எழும்போது தேர்தலில் கலந்துகொள்ள 120 வினாடி அவகாசம் இருக்கிறது. மின்சாரம் போய்த் திரும்பி, முன்னுரிமை 15 உள்ள ஸ்விட்ச்சின் பக்கத்து யுபிஎஸ் மட்டும் தாமதமாக எழுந்தால், அதற்குள் வேறொன்று ஆக்டிவ் ஆகியிருக்கும். அதை அவசரப்பட்டுத் திருத்த வேண்டாம். ஸ்டேக் நன்றாக ஓடுகிறதென்றால் அடுத்த பராமரிப்பு நேரம்வரை அப்படியே விடலாம்.

எண் மாற்றுவதற்கு 'ஸ்விட்ச் 4 ரீநம்பர் 3' என்ற கட்டளை. அந்த மெம்பர் ரீலோட் ஆன பிறகே அமலாகும். போர்ட் கன்ஃபிக் எண்ணோடு ஒட்டியது என்பதால், 4/0/1 முதல் 4/0/48 வரை எழுதியவை கூடவே நகராது. எனவே எண்ணை முதல் நாளே ரேக்கில் மேலிருந்து கீழாக 1, 2, 3 என்று பொருத்திவிடுங்கள். கிகாபிட்ஈதர்நெட் 3/0/17 என்றால் மேலிருந்து மூன்றாவது பெட்டி, பதினேழாவது போர்ட் என்று யாருக்கும் விளக்காமலே புரிய வேண்டும். ரேக் முன்னால் நிற்பவர் மோட் பட்டனை அழுத்தி ஸ்டேக் விளக்குக்கு வந்தால் அந்த ஸ்விட்ச் எத்தனையாவது என்று போர்ட் விளக்கே காட்டும்.

அப்லிங்க்

மேலே உள்ள டிஸ்ட்ரிபியூஷன் ஸ்விட்ச்சுக்குப் போகும் இணைப்புதான் அப்லிங்க். தனித்தனி ஐந்து ஸ்விட்ச்சுக்கு இரண்டிரண்டு ஃபைபர் என்றால் அங்கே பத்துப் போர்ட் போகும். அதுமட்டுமில்லாமல் ஒவ்வொன்றிலும் ஒரு ஃபைபரை, லூப் வராமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ அடைத்துவைக்கும். காசு கொடுத்து இழுத்த பாதி ஃபைபர் சும்மா கிடக்கும். ஸ்டேக்கில் நான்கு 10 கிகாபிட் போதும். நான்கையும் எல்ஏசிபி என்ற நெறிமுறை கொண்டு ஒரே போர்ட் சேனலாக, அதாவது ஒரே இணைப்பாக, ஆக்கலாம், நான்கும் ஒரே நேரத்தில் ஓடும். 1 கிகாபிட் போர்ட் 240-க்கு 40 கிகாபிட் அப்லிங்க், அதாவது 6-க்கு 1. அலுவலக மேசைகளுக்கு இது தாராளம். ஸ்பேனிங் ட்ரீயின் கணக்கிலும் இப்போது ஐந்து பிரிட்ஜ் (ஸ்விட்ச்) இல்லை, ஒன்றுதான். மாற்றம் வந்தால் கணக்கிட வேண்டிய பாதையும் குறைவு.

நான்கு ஃபைபரையும் ஒரே மெம்பரில் செருகினால் இந்தப் பலன் பாதிக்கு மேல் வீண். அந்தப் பெட்டி போனால் மாடியே போகும். இரண்டு மெம்பரில் இரண்டிரண்டாகப் பிரியுங்கள். ஐந்து ஸ்விட்ச் இருக்கும்போது ஆக்டிவும் ஸ்டாண்ட்பையும் அல்லாத மெம்பர்களில் அப்லிங்க் வைப்பது இன்னும் நல்லது. ஆக்டிவ் விழும் நேரத்தில் கட்டுப்பாடு கைமாறுவதும் ஃபைபர் போவதும் ஒரே நொடியில் நடக்காமல் இருக்கும். இரண்டே ஸ்விட்ச் உள்ள ஸ்டேக்கில் இந்தத் தெரிவு கிடையாது, அங்கே ஆளுக்கொன்று.

போர்ட் சேனல் இருக்கும் இடத்தில் ஸ்டேக்கின் மேக் முகவரியையும் கவனிக்க வேண்டும். ஸ்டேக் வெளியே காட்டும் மேக் ஆக்டிவ் ஸ்விட்ச்சுடையது. ஆக்டிவ் மாறி மேக்கும் மாறினால் எல்ஏசிபி அடையாளம் மாறும், போர்ட் சேனல் ஒருமுறை விழுந்து எழும். பிரிட்ஜ் அடையாளமும் மாறும். 'ஸ்டேக்-மேக் பெர்சிஸ்டென்ட் டைமர் 0' என்று கொடுத்தால் பழைய மேக் நிலைத்து நிற்கும். 'ஷோ ஸ்விட்ச்' வெளியீட்டின் மேல்பகுதியில் காத்திருப்பு நேரம் என்ற வரியில் இது தெரியும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்த மேக்குக்குச் சொந்தமான பழைய ஸ்விட்ச்சைக் கழற்றி அதே நெட்வொர்க்கில் வேறொரு மாடியில் போட்டால், ஒரே மேக் இரண்டு இடத்தில் இருக்கும். கழற்றியதை வேறிடத்தில் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் ஸ்டேக்கின் மேக்கை முதலில் மாற்றிவிடுங்கள்.

கெட்டுப்போன மெம்பரை மாற்றுவது

ஸ்டேக்கின் மதிப்பு முழுதாகத் தெரிவது இந்த வேலையில்தான். தனி ஸ்விட்ச் என்றால் மாற்றுப் பெட்டிக்கு கன்சோல் போட்டு, ஐபி கொடுத்து, பேக்கப்பை ஏற்றி, விலேன்களைச் சரிபார்த்து, பிறகு பயனர்களை இணைக்க வேண்டும். ஸ்டேக்கில் அந்த மெம்பருக்கான கன்ஃபிக் முழுவதும் ஆக்டிவில் பத்திரமாக இருக்கிறது. அதே மாடல் ஸ்விட்ச் அதே எண்ணோடு வந்து சேர்ந்தால் போர்ட் அமைப்புகள் தானாக இறங்கும்.

வரிசை இதுதான். முதலில் 'ஷோ ஸ்விட்ச்' போட்டு எந்த எண் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். பழைய பெட்டியின் மின்சாரத்தை அணையுங்கள். பேட்ச் கார்டுகளில் எண் இல்லையென்றால் இப்போதே ஒட்டுங்கள், போட்டோ எடுத்துவையுங்கள். ஸ்டேக் கேபிள் இரண்டையும் அந்தப் பெட்டியிலிருந்து கழற்றி, பெட்டியை மாற்றி, அதே கேபிளை அதே போர்ட்டில் செருகுங்கள். புதியதை இதுவரை மின்சாரத்தில் இணைக்கக் கூடாது. திருகு இறுகிய பிறகே பவர்.

புதிய ஸ்விட்ச் பெட்டியிலிருந்து வரும்போது அதன் எண் 1. ஸ்டேக்கில் 1 ஏற்கெனவே இருப்பதால் அது காலியாக உள்ள மிகச் சிறிய எண்ணை எடுத்துக்கொள்ளும். போனது 3 என்றால் புதியது 3 ஆகும். எல்லாம் சரியாகப் பொருந்திவிடும். ஆனால் கிடங்கில் இருந்த, முன்பு வேறொரு ஸ்டேக்கில் 5-ஆக ஓடிய ஸ்விட்ச்சைக் கொண்டுவந்து வைத்தால் அது 5 ஆகவே எழும். 3-க்கான கன்ஃபிக் யாருமில்லாமல் காத்திருக்கும், 5-இன் போர்ட்கள் வெறுமையாக நிற்கும். பயனர்களுக்குப் பார்த்தால் லிங்க் விளக்கு எரிகிறது, ஐபி மட்டும் வரவில்லை. பழைய ஸ்விட்ச்சைத் தனியாக மேசையில் இயக்கி எண்ணை 1 ஆக்கி, முன்னுரிமையை 1 ஆக்கி, கன்ஃபிக்கையும் விலேன் கோப்பையும் அழித்துவிட்டு ஸ்டேக்கிடம் கொண்டுபோங்கள்.

மாடல் வேறாக இருந்தால், உதாரணமாக 48 போர்ட் இருந்த எண்ணில் 24 போர்ட் வந்தால், எழுதிவைத்த அமைப்பு இறங்காது. அந்த எண்ணுக்கு இயல்பு அமைப்பே கிடைக்கும். ஒரு மெம்பரை நிரந்தரமாக எடுத்துவிட்டீர்கள் என்றால் 'நோ ஸ்விட்ச் 5 ப்ரொவிஷன்' கொடுத்து மிச்சக் கன்ஃபிக்கை அகற்றுங்கள். இல்லாத போர்ட்கள் கன்ஃபிக்கில் கிடந்தால் அடுத்து வருபவர் குழம்புவார்.

உயிரோடு உள்ளதை உயிரோடு இணைக்காதீர்கள்

புதிய ஸ்விட்ச்சைச் சேர்க்கும்போது மின்சாரம் கொடுத்த நிலையிலேயே ஸ்டேக் கேபிளைச் செருகுவதுதான் நடக்கக்கூடிய மிக மோசமான தவறு. தனியாக ஓடும் ஸ்விட்ச்சும் தன்னளவில் ஒரு ஸ்டேக்; அதற்கும் ஒரு ஆக்டிவ் உண்டு. இரண்டு ஸ்டேக் சந்தித்தால் தேர்தல் நடக்கும், தோற்ற பக்கத்தின் எல்லா ஸ்விட்ச்சும் ரீலோட் ஆகும். முன்னுரிமை 15 கொடுத்துவைத்த பழைய ஸ்விட்ச் ஒன்று வந்து சேர்ந்து, ஓடிக்கொண்டிருந்த நான்கும் தோற்றால், வெறும் கன்ஃபிக்கோடு வந்த அந்தப் பெட்டியின் கீழ் மாடி முழுவதும் மீண்டும் எழும்.

மெம்பரை எடுக்கும்போதும் இதே ஒழுங்கு. மின்சாரம் இருக்கும்போதே இரண்டு கேபிளையும் கழற்றினால் அது தனியே ஆக்டிவ் ஆகி, ஸ்டேக்கின் அதே ஐபி முகவரியோடு நிற்கும். இரண்டு கேபிள் வெவ்வேறு இடத்தில் அறுந்து ஸ்டேக் உடைந்தாலும் இதே நிலைதான்: இரண்டு பாதி, ஒரே கன்ஃபிக், ஒரே ஐபி. எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து லாகின் செய்தால் ஒருமுறை இந்தப் பாதியும் மறுமுறை அந்தப் பாதியும் பதில் சொல்லும். இந்த அறிகுறி தெரிந்தால் கன்ஃபிக்கைத் தொடாமல் ரேக்குக்குப் போய்க் கேபிளைப் பாருங்கள். ஜூனிப்பரின் வெர்ச்சுவல் சேஸியில் ஒவ்வொரு மெம்பரையும் சீரியல் எண்ணோடு முன்கூட்டியே பதிவுசெய்யும் முறை இருக்கிறது; எதிர்பாராத பெட்டி உள்ளே வருவதைத் தடுக்க அது அருமையான ஏற்பாடு. எச்பிஇ-யின் ஐஆர்எஃப்பில் இரண்டு ஆக்டிவ் உருவாவதைக் கண்டறிந்து ஒரு பாதியின் போர்ட்களை மூடும் வசதி உண்டு. இருந்தால் அதைக் கட்டாயம் இயக்கிவையுங்கள்.

மென்பொருள் பதிப்பு

ஸ்டேக்கில் எல்லாவற்றிலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். வேறு பதிப்போடு வருவது 'வி-மிஸ்மேட்ச்' நிலையில் வெளியே நிற்கும். 'சாஃப்ட்வேர் ஆட்டோ-அப்கிரேட் எனேபிள்' கொடுத்திருந்தால் ஆக்டிவே தன் பதிப்பைப் புதியவருக்கு ஏற்றிவிடும். இது இன்ஸ்டால் முறையில் எழும் ஸ்விட்ச்சுக்கு மட்டும் நடக்கும். பண்டில் முறையில், அதாவது .bin கோப்பிலிருந்து நேரடியாக எழுபவற்றுக்கு நடக்காது. 'ஷோ வெர்ஷன்' வெளியீட்டின் கடைசியில் மெம்பர் வாரியாகப் பதிப்பும் முறையும் வரும். லைசன்ஸ் மட்டமும் பொருந்த வேண்டும். எசென்ஷியல்ஸ் ஓடும் ஸ்டேக்குக்கு அட்வான்டேஜ் மட்டத்தில் அமைந்த பெட்டியைக் கொண்டுவந்தால் முதலில் அதைத் தனியாக ஒரே மட்டத்துக்கு மாற்றுங்கள்.

ஸ்டேக்கின் பதிப்பை உயர்த்த ஆக்டிவில் கோப்பை வைத்து 'இன்ஸ்டால் ஆட் ஃபைல்' கட்டளையை 'ஆக்டிவேட் கமிட்' சேர்த்துக் கொடுத்தால் எல்லா மெம்பருக்கும் அதுவே பரவும். நடுவில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், ஏதோ ஒரு மெம்பரின் ஃபிளாஷில் இடமில்லாதது. தொடங்குமுன் 'இன்ஸ்டால் ரிமூவ் இன்ஆக்டிவ்' போட்டுப் பழைய பதிப்புகளை நீக்கி, 'டிர் ஃபிளாஷ்-2:', 'டிர் ஃபிளாஷ்-3:' என்று ஒவ்வொன்றிலும் இடத்தைப் பாருங்கள்.

ஸ்டேக்கின் உண்மையான பலவீனமும் இங்கேதான். சாதாரண முறையில் உயர்த்தும்போது எல்லா ஸ்விட்ச்சும் ஒன்றாக ரீலோட் ஆகும், மாடி சில நிமிடம் முழுதாக இருட்டாகும். தனித்தனி ஸ்விட்ச் என்றால் ஒவ்வொன்றாகச் செய்திருக்கலாம். அலுவலக மேசைகளுக்கு இரவில் சில நிமிடம் பெரிய விஷயமில்லை. மருத்துவமனைத் தளத்திலோ இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் கட்டுப்பாட்டு அறையிலோ அது பெரிய விஷயம். அப்படிப்பட்ட இடத்தில் எட்டை ஒரே ஸ்டேக்காகக் கோக்காமல் நான்கு நான்காக இரண்டு ஸ்டேக் போட்டு, முக்கியக் கருவிகளை இரண்டிலும் பிரித்து இணைப்பேன். இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள சர்வர்கள் தொங்கும் மைய ஸ்விட்ச்களையும் பின்புற ஸ்டேக்காக்க நான் பரிந்துரைப்பதில்லை. மூளை ஒன்றாக இருப்பது நிர்வாகத்துக்கு வசதி. மென்பொருள் கோளாறு வந்தால் அந்த ஒரு மூளைதான் இரண்டு பெட்டியையும் சேர்த்து வீழ்த்தும்.

மின்சாரம்

டேட்டா ஸ்டேக் வேறு, ஸ்விட்ச்கள் மின்சாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஸ்டேக்பவர் வேறு. முன்னது இணைத்தால் பின்னதும் வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. ஸ்டேக்பவருக்குத் தனிக் கேபிள், வளையத்தில் அதிகபட்சம் நான்கு ஸ்விட்ச். அது இல்லாத ஸ்டேக்கில் பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கருவிக்குத் தரும் மின்சாரம்) கணக்கு பெட்டிக்குப் பெட்டி தனி. 9300-இன் 48 போர்ட் பிஓஇ பிளஸ் மாடலில் 715 வாட் சப்ளை ஒன்று இருந்தால் பிஓஇக்குக் கிடைப்பது 437 வாட். வயர்லெஸ் கருவிகள் எல்லாவற்றையும் கேபிள் வசதிக்காக ஒரே மெம்பரில் குவித்தால் பக்கத்துப் பெட்டியில் வாட் மிச்சமிருந்தாலும் இங்கே போர்ட் பவர் மறுக்கப்படும். பரப்பி இணையுங்கள்.

மானிட்டரிங்கில் வைக்க வேண்டியவை

ஒரே ஐபி என்பதால் ஒரு ஆபத்தும் கூட வருகிறது. ஐந்தில் ஒன்று செத்தாலும் அந்த ஐபி பிங்குக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும், திரையில் பச்சையாகவே தெரியும். எனவே பிங் மட்டும் போதாது. சிஸ்கோவின் ஸ்டேக்வைஸ் எம்ஐபியில் (எஸ்என்எம்பி வழியாகப் படிக்கும் மதிப்புகளின் பட்டியல்) ஒவ்வொரு மெம்பரின் நிலையும் இருக்கிறது. வளையம் முழுதாக இருக்கிறதா என்பதற்கு உண்டு அல்லது இல்லை என்ற ஒரு மதிப்பும் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் அலாரம் வையுங்கள். கையால் பார்க்க 'ஷோ ஸ்விட்ச் ஸ்டேக்-ரிங் ஸ்பீட்' கட்டளையில் ஃபுல் என்று வர வேண்டும், ஹாஃப் என்றால் ஒரு கேபிள் போயிருக்கிறது. எந்தக் கேபிள் என்பதை 'ஷோ ஸ்விட்ச் ஸ்டேக்-போர்ட்ஸ் சம்மரி' சொல்லும்.

ஸ்டாண்ட்பை உண்மையிலேயே தயாராக இருக்கிறதா என்பதை 'ஷோ ரிடண்டன்சி' காட்டும். 'ஸ்டாண்ட்பை ஹாட்' என்று வரும்வரை அது தயாரில்லை. ரீலோட் ஆன உடனே சில நிமிடம் 'ஷோ ஸ்விட்ச்'சில் ஒத்திசைவு நடப்பதாகக் காட்டும். அந்த நேரத்தில் ஆக்டிவைத் தொடக் கூடாது. புதிய ஸ்டேக்கை ஒப்படைக்கும் முன், பயனர்கள் இல்லாத நேரத்தில் 'ரிடண்டன்சி ஃபோர்ஸ்-ஸ்விட்ச்ஓவர்' போட்டுப் பாருங்கள். உங்கள் எஸ்எஸ்ஹெச் அறுபடும், பழைய ஆக்டிவ் ரீலோட் ஆகும், அதில் இல்லாத போர்ட்களின் டிராஃபிக் நிற்கக் கூடாது. நின்றால் அப்லிங்க் பிரித்ததில் அல்லது மேக் அமைப்பில் தவறு இருக்கிறது.

மாற்று ஸ்விட்ச் ஒன்றைக் கிடங்கில் வைத்திருப்பவர்கள் அதை அட்டைப் பெட்டியிலேயே பழசாக விடாதீர்கள். ஸ்டேக்கின் பதிப்பை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் அதையும் மேசையில் இயக்கி, இன்ஸ்டால் முறையில் அதே பதிப்பு, அதே லைசன்ஸ் மட்டம், எண் 1, முன்னுரிமை 1, வெறும் கன்ஃபிக் என்று தயார்செய்து, தேதியை எழுதி ஒட்டி, கூடவே ஒரு ஸ்டேக் கேபிளையும் போட்டு மூடிவையுங்கள்.